உபரி இருக்கை

இன்னும் பத்தொன்பது நாளில் எனக்கு வேதியியல் மறக்கத் தொடங்கும்.

முதலில் நீண்ட சமன்பாடுகள் போகும் என்கிறார்கள். பிறகு தனிமங்களின் வரிசை கலையும். தண்ணீரின் குறியீடு மட்டும் போகாது. அது பள்ளிக்கூடத்தில், கரும்பலகையைப் பார்த்துப் படித்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், ஆய்வகத்தில், ஒப்பந்த வேலை எனக்கு. அந்த நாற்காலியில் இனி நான் உட்கார முடியாது. மேலாளரிடம் சொல்லிவிட்டேன். படகில் போய்க் கடல்நீர் மாதிரி எடுத்துவர ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். சம்பளம் பாதிதான். சரி என்றேன். நன்றாக இருந்த இருக்கையை ஏன் இன்னொருத்திக்குக் கொடுத்தாய் என்று அவர் கேட்டார். நேரில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே உரிமப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. ஒரு காலத்தில் நூலகமாக இருந்தது. புத்தக அடுக்குகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் இப்போது தலைப்பட்டைகள் தொங்குகின்றன. அறைக்குப் பொறுப்பாளர் ஜெசிந்தா. என் வகுப்புத் தோழி. எந்த மாணவிக்கு எந்தப் பாடத்தைத் திறப்பது, யாரிடமிருந்து எதைத் திரும்ப எடுப்பது என்பதெல்லாம் அவள் வேலை.

ஜூன் மாதம் புது மாணவிகளுக்கு அவள் ஆற்றும் உரையைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"பிள்ளைகளா, நல்லாக் கேட்டுக்கோங்க. பட்டையைத் தலையில கட்டிட்டுப் படுத்துக் கெடந்தா பாடம் உள்ள போயிரும். ஆனா போனது ஒங்க சொத்து கெடையாது. வாடகைக்கு வந்தது. மூணு வாரத்துக்கு ஒருக்க தண்ணி ஊத்தணும். ஊத்தலன்னா வாடிரும். ஊத்தணும்னா ஒங்க பேர்ல ஒரு இருக்கை இருக்கணும். இருக்கையெல்லாம் எங்கிட்ட இருக்கு. அதனால எங்கிட்ட மரியாதையா இருங்க."

"காலேஜ் முடிஞ்ச பொறவு, மேம்?"

"வேலை குடுக்கவங்க இருக்கை வாங்கித் தருவாங்க."

"வேலை கெடைக்கலன்னா?"

"பட்டம் தருவோம்லா. சுவத்துல மாட்டிக்க."

மாணவிகள் சிரிப்பார்கள். முதலாண்டு மாணவிகளுக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும்.

பாடத்தைத் தலைக்குள் ஏற்றும் அந்தக் கணினித் தளத்தின் பெயர் பதியம். கம்பெனிக்காரர்கள் 'புதுப்பிப்பு' என்பதைத்தான் நாங்கள் தண்ணி ஊத்துவது என்போம். பதியம் போட்டால் வேறு என்ன சொல்வது? தனியாட்களுக்கு அவர்கள் உரிமம் விற்பதில்லை. நிறுவனங்களுக்கு மட்டும், இருபது இருபதாக விற்பார்கள். எங்கள் வேதியியல் துறை எந்த ஆண்டும் நாற்பதை நிரப்பியதில்லை. கடைசியில் ஓர் இருக்கை மிஞ்சும். அதற்கு உபரி இருக்கை என்று பெயர். இரண்டு மிஞ்சினால் கம்பெனி கேள்வி கேட்கும். ஒன்றை யாரும் கண்டுகொள்வதில்லை.

படிப்பு முடிந்ததும் ஜெசிந்தா அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு ஆலையில் வேலை கிடைத்தது, இருக்கை கிடைக்கவில்லை. நிரந்தர ஊழியர்களுக்குத்தான் அவர்கள் உரிமம் வாங்குவார்கள். எங்களில் மூன்றாமவள் ஷமீலா, காயல்பட்டினத்துக்காரி. கடைசிப் பரீட்சை முடிந்த மாதமே அவளுக்குக் கல்யாணம். மூவரும் ஒரே நேரத்தில் வாடத் தொடங்கியிருந்தோம்.

ஜெசிந்தா போன் செய்தாள்.

"ஒரு தடவை ஊத்துனா மூணு வாரம் தாங்கும். நாம மூணு பேரு. உபரி ஒண்ணு கெடக்கு. கணக்கு வரலியாளா ஒனக்கு?"

அப்படித்தான் தொடங்கியது. வாரம் ஒருத்தி பெயருக்கு இருக்கை மாறும். பெயரை மாற்றினால் திரை காரணம் கேட்கும். 'மாணவி இடைநின்றார்' என்று அழுத்துவாள். உடனே, 'மாணவி மீண்டும் சேர்ந்தார்.' கம்பெனியைப் பொறுத்தவரை உலகத்திலேயே அதிக முறை படிப்பை நிறுத்தியவர்களும் அதிக முறை திரும்பி வந்தவர்களும் நாங்கள் மூவரும்தான்.

தண்ணீர் ஒருத்திக்குத்தான். ஆனால் சனிக்கிழமைதோறும் மூவரும் வந்துவிடுவோம். ஜெசிந்தாவின் முறை வந்தால் அவள் வாரத்தின் நடுவிலேயே ஊற்றிக்கொள்வாள், அங்கேயே இருப்பவள்தானே. அந்தச் சனிக்கிழமை வெறும் பேச்சு. ஷமீலா தம்மடைப் பலகாரம் கொண்டுவருவாள். அவள் பிள்ளைகள் பட்டைகளுக்கு நடுவே ஓடி விளையாடுவார்கள். மின்விசிறியின் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, எத்தனையாவது தடவையோ, கல்லூரிக் கதைகளைப் பேசுவோம்.

எங்களுக்குப் பிடித்தது ஜெசிந்தா உப்பை நக்கிய கதை.

பாடம் தலைக்குள் போய்விட்டாலும் கைக்குப் பழக்கம் வேண்டும் என்று பழைய ஆய்வகத்தை விட்டுவைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் தருவார்கள். சோதனை செய்து அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் சோதனைக் குழாயைக் கையில் எடுத்தபோது, உப்பளத்து வீட்டுப் பிள்ளையான ஜெசிந்தா விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள்.

"தங்கபுஷ்பம் மேம் அலறுன அலறல் ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும்" என்பாள் ஷமீலா. "துப்பு, துப்புன்னு கத்துதாவ. இவ அசரலியே. கண்ணை மூடிக்கிட்டு நிக்கா. 'மேம், இது எங்க ஊர் உப்பு இல்ல. ஆனா எங்க ஊர் உப்புக்குச் சொந்தக்கார உப்பு'ங்கா!"

அது நவச்சாரம். அம்மோனியம் குளோரைடு. சொந்தக்கார உப்புதான்.

"பொறவு ஆம்புலன்ஸ் வந்துச்சு" என்பாள் ஷமீலா.

"ஆம்புலன்ஸ் எல்லாம் வரல. லேப் அக்கா ஒரு வாளில தண்ணி கொண்டாந்தா" என்பேன் நான்.

"வந்துச்சுளா. நான் சைரன் கேட்டேன்."

"அது ஹார்பர் சங்கு."

"ஜெசி, நீயே சொல்லு. ஒன் நாக்குதானே."

ஜெசிந்தா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வாளிக்குப் பொறவு என்னாச்சு? அதைச் சொல்லு" என்பாள்.

அவளைப் போல ரசித்துக் கேட்பவர் யாரும் இல்லை. அதனாலேயே சொல்லத் தோன்றும். நான் வாய் திறந்து பேசுவது அந்த அறையில் மட்டும்தான்.

சில நாள் ஆலைச் சந்தேகங்களைக் கொண்டுபோவேன். குழாயில் படியும் சுண்ணாம்பு, அளவு தவறும் குளோரின். ஷமீலா மடியில் பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்தபடியே மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். ஒரு தடவை அவள் சொன்ன கணக்கை என் மேலாளர் தன் கணக்கு என்று கூட்டத்தில் சொன்னார். அதை அவளிடம் சொன்னபோது, "சொல்லட்டும். நான் சோறு வடிக்கும்போது போட்ட கணக்குன்னு தெரிஞ்சா குடிக்க மாட்டாவ" என்றாள்.

இனி மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் சண்டைக்குக் காரணம்.

முதலாண்டில் தினமும் காலை நாற்பது நிமிடம் கூடத்தில் வரிசையாகப் படுத்திருப்போம். கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். பாடம் உள்ளே இறங்கும்போது சுற்றி இருப்பதும் சேர்ந்து இறங்கும். சகப்பிணைப்பு இறங்கிய அன்று காற்று கருவாட்டுக் கிட்டங்கிப் பக்கமிருந்து அடித்தது. இன்றும் சகப்பிணைப்பு என்றால் எனக்குக் கருவாட்டு வாசனை வரும். பென்சீன் வளையத்தில் தகரக் கூரை மழை கேட்கும். வினைவேகம் என்றால் பக்கத்தில் படுத்திருந்த ஷமீலாவின் வளையல் சத்தம். இப்படி ஒட்டிக்கொண்டு வருவதை மாணவிகள் மண் என்பார்கள்.

பாடம் வாடினால் மண்ணும் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பாடத்தோடு ஒட்டிய நாட்கள், முகங்கள், பிறகு அதைப் பேசிய, செய்து பார்த்த நேரங்கள், எல்லாம். கம்பெனி அதை மறுத்தது. 'பாடம் மட்டுமே திரும்பப் பெறப்படும்' என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. நான் கம்பெனியை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன வியாழக்கிழமை கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வந்தது. தளத்தின் புதுப் பதிப்பு திங்கட்கிழமை காலை முதல். ஓர் இருக்கைக்கு ஒரே தலை. ஞாயிறு இரவு இருக்கையில் யார் பெயர் இருக்கிறதோ அது அப்படியே பூட்டப்படும். படித்து முடிக்கும்வரை, அல்லது சாகும்வரை, மாற்ற முடியாது.

சனிக்கிழமை என் முறை. வழக்கம்போல் பட்டையைக் கட்டிப் படுத்தேன். எழுந்தபோது இருவரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஷமீலா பிள்ளைகளைக் கூட்டிவரவில்லை. ஜெசிந்தாவின் திரையில் உபரி இருக்கைக்கு நேரே என் பெயர் இருந்தது. யாரும் எதுவும் செய்யாவிட்டால் அது எனக்கு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா முதலிலேயே. "நான் பாக்கது ஆபீஸ் வேலை. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க."

"எனக்கு அதை வச்சுத்தான் வேலை, ஷமி" என்றேன்.

"தெரியும்ளா. நான் சோறு வடிக்கவ. எனக்கு எதுக்கு அவகாட்ரோ எண்ணு. எங்க மாமியும் அதைத்தான் சொல்லுதாவ."

"நான் அப்படிச் சொல்லல."

"நீ சொல்ல மாட்ட. நீ எதைத்தான் சொல்லியிருக்க." சொல்லிவிட்டு அவளே வருந்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெமிஸ்ட்ரி போனாப் போவுது, வடிவு. எனக்கு வாப்பா வேணும்."

அவள் வாப்பா ஹாங்காங்கில் கடை வைத்திருந்தவர். அவளுக்குப் பதினேழு வயதாகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போன மனிதர். கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்தது அவள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. மூன்றாம் ஆண்டின் கடைசியில் இறந்துபோனார்.

"எனக்கு அவங்க கெடைச்சதே அந்த மூணு வருஷந்தான். தெனமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல குடையோட நிப்பாங்க. மழை இருக்காது, ஒண்ணும் இருக்காது. குடை இருக்கும். இன்னைக்கு என்ன படிச்சன்னு கேப்பாங்க. ஒரு மோல்னா எத்தனைன்னு நான் அந்த எண்ணைச் சொன்னேன். 'அம்மாடி, அவ்வளவா!'ன்னாங்க, நானே எண்ணிட்டு வந்த மாதிரி. பொறவு பாக்கிறவங்ககிட்டல்லாம் சொன்னாங்க. கறிக்கடையில கூட. 'எம் மவளுக்கு எவ்வளவு பெரிய எண்ணு தெரியும் தெரியுமா?'" ஷமீலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அந்த எண்ணைச் சொன்னா வாப்பா குடையோட நிக்காங்க. எண்ணு போனா?"

"போட்டோ இருக்கும்லா" என்றேன்.

"போட்டோவுல அவங்க பேச மாட்டாங்களே."

நான் கம்பெனி செய்த ஆராய்ச்சியைச் சொன்னேன். நான் பேச வேண்டியிருந்த ஒரே நாளில் நான் பேசியது அதுதான். "ஷமி, மண்ணு போவுதுங்கிறதுக்கு ஆதாரமே இல்ல. பாடம் வாடுன ஆயிரம் பேரைக் கூப்பிட்டு ஒங்களுக்கு வேற ஏதாச்சும் மறந்துச்சான்னு கேட்டிருக்காங்க. ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல."

ஷமீலா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தே விட்டாள்.

"கிறுக்கி. மறந்துபோனவகிட்டப் போயி என்ன மறந்துச்சுன்னு கேட்டா அவ என்ன சொல்லுவா?"

விஞ்ஞானம் படித்தவள் நான். அதை யோசித்ததே இல்லை. ஆனால் கம்பெனியில் யாரோ யோசித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

"சரி, ஜெசி சொல்லட்டும்" என்றாள் ஷமீலா. "வருஷா வருஷம் எத்தனை பிள்ளைகள்ட்ட புடுங்குத. ஒருத்தியாவது திரும்பி வந்து, மேம், என்னோடது எதையோ காணலன்னு கேட்டாளா?"

ஜெசிந்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை இதுல இழுக்காதீங்கட்டி."

"கேட்டாளா, இல்லியா?"

"கேக்கல."

"பாத்தியா" என்றேன் நான். அந்த வார்த்தையில் இருந்த அவசரம் எனக்கே கேட்டது.

ஷமீலா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "ஜெசி சொன்னா நம்புதேன். வடிவே வச்சுக்கட்டும். மூணு பிள்ளை பெத்தாச்சு, எனக்கு இனி பரீட்சையா வைக்கப் போறாங்க." தம்மடை டப்பாவை மூடாமலே பையில் வைத்தாள். கதவு வரைக்கும் போய்விட்டாள்.

நான் தடுக்கவில்லை.

"ஷமி, இரு" என்றாள் ஜெசிந்தா.

குரல் வேறு மாதிரி இருந்தது. ஷமீலா திரும்பினாள்.

"ஒனக்குக் கடைசிப் பிள்ளை வயித்துல இருக்கும்போது பட்டை கட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாவல்லா."

"ஆமா. கடைசி நாலு மாசம்."

"பிள்ளை பொறந்தப்ப பாதி வாடிட்டு. எண்ணு அரைகுறையாத்தான் வருதுன்னு அழுத."

"அதுக்குத்தான் நீ வீட்டுக்கே பட்டையைக் கொண்டாந்து அடுத்தடுத்து ஊத்துனியே. அந்த வருஷம் காலேஜ்ல ரெண்டாவது உபரி கெடைச்சுதுன்னு..."

"ரெண்டாவது உபரி எந்த வருஷமும் கெடைச்சதில்ல."

ஒரே இருக்கை. மூன்று பேரின் முறை. அந்த ஆண்டு என் முறை ஒருநாளும் தவறவில்லை. எனக்குக் கணக்கு வந்துவிட்டது. ஷமீலாவுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் என் முறையை ஒனக்கு ஊத்துனேன்" என்றாள் ஜெசிந்தா. "கெமிஸ்ட்ரிதானே, நாற்காலில உக்காந்து பேரை மாத்துதவளுக்கு அது எதுக்குன்னு நெனைச்சேன். நானும் வடிவு மாதிரி கம்பெனி சொன்னதை நம்புனேன். வாடிச்சு. அதுக்குப் பொறவு ஊத்தி என்ன செய்ய, வேரே இல்ல. என் வாரத்தைச் சும்மா விட்டுட்டேன்."

"நாலு வருஷமாச்சேளா" என்றாள் ஷமீலா.

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் இங்கன கதை பேசுததை நிறுத்திருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

நான் கேட்டேன். "ஜெசி, கெமிஸ்ட்ரி மட்டுந்தானே போச்சு?"

அவள் மேசையில் கிடந்த ஒரு பட்டையை எடுத்துச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"வாடி ஒரு மாசம் இருக்கும். ஒரு சனிக்கிழமை. நீங்க ரெண்டு பேரும் காலேஜ் கதை சொல்லிச் சிரிச்சிட்டிருந்தீங்க. நானும் கேட்டுட்டிருந்தேன். கதையில ஜெசின்னு ஒரு பிள்ளை வந்தா. வாயாடி. எதுக்கும் பயமில்லாதவ. எனக்கு அவளை ரொம்பப் புடிச்சுப் போச்சு. யாருளா அந்தப் பிள்ளை, இப்ப எங்க இருக்கான்னு கேக்க வாயெடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ சிரிச்சிக்கிட்டே என் தோள்ல ஒரு அடி போட்ட, வடிவு. அப்பத்தான் அது நான்னு எனக்குத் தெரிஞ்சுது."